பெரியப்பா கறக்கும் பசு

பெரியப்பா இறந்த நான்காம் நாள் மத்தியானம், பக்கத்து வயல்காரர் போன் செய்து வரச்சொன்னதால் நானும் அண்ணனும் மறுபடி அவருடைய பண்ணை வீட்டுக்குப் போனோம். வண்டியை நிறுத்தும்போதே பசுவின் கதறல் கேட்டது.

கன்று பிறந்ததுமே செத்துப்போயிருந்தது. பிள்ளையில்லாத பெரியப்பாவைத் தவிர வேறு கை பட்டால் பசு உதைக்கும். "எங்க போனாலும் பொழுது சாய வந்தாகணும். எனக்குக் கால்கட்டு போட்டது இவதான்" என்று சிரிப்பார்.

வயல்காரர் வரவழைத்திருந்த மாட்டு டாக்டர் மடியைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இறுகியிருந்தது.

"இன்னிக்குள்ள கறக்கலைன்னா சீழ் வச்சிடும். அப்புறம் பொழைக்கிறது கஷ்டம்."

அவர் போனதும் அண்ணன் முயன்று பார்த்தான். தொடையில் உதை வாங்கி, நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டான்.

எனக்கு இருப்பு கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

திடீரென்று கதறல் நின்றது.

செத்துவிட்டதோ என்று ஓடினேன். தொழுவ வாசலிலேயே கால்கள் நின்றுவிட்டன.

சர்ர்... சர்ர்...

வாளியில் பால் விழும் சத்தம். அவசரமே இல்லாத, பழகிய கைகளின் சத்தம்.

"அண்ணே?"

"என்ன?"

பதில் எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஈர வைக்கோல் வாடைக்கு அடியில் புகையிலையும் வலித் தைலமும் மணத்தன. பசு கழுத்தைத் திருப்பி வெறும் காற்றை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு ஒரு தோளின் வளைவில் ஏறி இறங்கியது. காம்புகள் தாமாக நீண்டு சுருங்கின. வாளியில் நுரை ததும்பியது.

"பெரியப்பா..." என்று கிசுகிசுத்தேன்.

சத்தம் நின்றது.

ஒரு காம்பு மெதுவாக என் பக்கம் திரும்பியது.

கன்னத்தில் சுடச்சுடப் பால் பீச்சியடித்தது.

ஐந்து வயதில் நான் தொழுவத்தை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர் இப்படித்தான் குறி பார்ப்பார். "வாயைத் திறடி, வாலு!" பாதி வாயில், பாதி சட்டையில். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்த மனுஷன் மேல் உயிரையே வைத்திருந்தேன்.

இப்போது பல்லைக் கடித்து, வாயை இறுக மூடிக்கொண்டு பின்வாங்கினேன்.

நொண்டி வந்த அண்ணன் வாளியைப் பார்த்தான். "நீயா கறந்த?"

"ம்."

"அப்ப நீயே ஓட்டிட்டுப் போ. இல்லன்னா வித்துடலாம்."

அவர் ஆசையாக வளர்த்ததை விற்க மனம் வரவில்லை. அந்த வீட்டில் விட்டுவைக்கத் துணிவும் இல்லை. அன்றே லாரியில் ஏற்றி, நூறு கிலோமீட்டர் தள்ளி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலியாக இருந்த கொட்டகையில் பசுவைக் கட்டி, சுற்றிலும் மரத்தூளைச் சமமாகப் பரப்பினேன். பூட்டிய சாவி என்னிடமே இருந்தது.

விடிந்ததும் திறந்தேன். மடி வற்றித் தொங்கியது. பசுவின் வயிற்றோரம், மரத்தூளில் இரண்டு பாதத் தடங்கள். குந்தி உட்கார்ந்தவரின் பாரத்தில் ஆழமாக அழுந்தியிருந்தன.

அங்கே நடந்து வந்த தடம் இல்லை.

எழுந்து போன தடமும் இல்லை.