மாப்பிள்ளை ஆடிய இடம்

அபிநயாவின் வீட்டில் ஒரு மாப்பிள்ளை இருந்தது. வெள்ளை நிறம், நாலு கால், நீள வால். கொள்ளு கொடுத்தால் கையையும் சேர்த்துக் கடிக்கப் பார்க்கும்.

அது ஒரு குதிரை. பெயர்தான் மாப்பிள்ளை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாண ஊர்வலம் என்றாலும் அபிநயாவின் அப்பா பிச்சைமுத்து அதைத்தான் ஓட்டிப் போவார். ஓட்டிப் போவார் என்பதுகூடச் சரியில்லை. வீட்டு வாசலிலிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை குட்டியானை வண்டியில் நின்றுகொண்டே போகும். ஊர்வலம் முடிந்ததும் அதே வண்டியில் திரும்பி வந்துவிடும். மற்ற நாளெல்லாம் கட்டின இடத்தில் தின்கிற வேலைதான்.

அவர்கள் ஊர் கல்லாங்காடு. வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் முள்ளுக்காடு. அதற்கு மேலே தூரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில் தெரியும். காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. அதில் அரை மணி நேரம் நடந்தால் பள்ளிக்கூடம். கல்லாங்காட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் போனார்கள்.

இப்போது வனத்துறை அந்தக் காட்டைச் சுற்றி வேலி போடப்போகிறது. மான்கள் மெயின்ரோட்டுக்கு ஓடிவந்து அடிபடுகின்றனவாம். வேலி போடட்டும், தப்பில்லை. ஆனால் கேட் எங்கே வைப்பார்கள்? வனக்காவலர்கள் இனிமேல் குதிரையில் ரோந்து வரப்போகிறார்கள். அதனால் குதிரை போகக்கூடிய பாதைகளுக்கு மட்டும்தான் கேட்.

கேட் இல்லாவிட்டால் பிள்ளைகள் மெயின்ரோட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். ஏழு கிலோமீட்டர். போன மழையில் இரண்டு நாள் அப்படித்தான் போனார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனதில், அபிநயாவின் தம்பி முத்தமிழ் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தான். சோற்றுத் தூக்கு நசுங்கிப்போனது. அன்றிலிருந்து லாரி ஹாரன் கேட்டாலே அக்கா கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

எந்தப் பாதையில் குதிரை போகும் என்று பார்த்து வரைபடம் போடத் தன்னார்வலர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லீலாவதி, பெரம்பலூரில் பல் டாக்டர். இன்னொருவன் கல்லூரியில் படிக்கிற அறிவழகன். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரே குதிரையில் மாறி மாறி ஏறிக் காட்டுக்குள் போவார்கள். சேணத்தில் ஜி.பி.எஸ். கருவியைக் கட்டியிருப்பார்கள். குதிரை போன வழியெல்லாம் அது கோடு போட்டுக்கொண்டே வரும்.

"சும்மா எவனாவது வெயில்ல சுத்துவானா? இதுல என்னமோ இருக்கு" என்றார் பிச்சைமுத்து.

அன்றைக்கு ஞாயிறு. நொண்டிக்கொண்டு வந்த ஒரு பழுப்புக் குதிரையைப் பிடித்தபடி லீலாவதி அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே அறிவழகன்.

"பதினோரு பாதை முடிஞ்சிருச்சுங்க. உங்க ஊர்ப் பாதைதான் பாக்கி. இவன் கால்ல முள்ளு ஏறிருச்சு. நாளைக்குக் காலைல பட்டியல் ஆபீசுக்குப் போயிரும். உங்க குதிரையக் கொஞ்சம் தர்றீங்களா?"

"எதுக்கு? எங்க நெலத்த அளக்கவா?"

"உங்களுக்கு எவ்வளவு நிலங்க இருக்கு?"

பிச்சைமுத்து யோசித்தார். "நெலமே இல்லதான்" என்றார். ஆனாலும் முறைப்பை விடவில்லை.

அபிநயா முன்னால் வந்தாள். "அப்பா, கேட் வரலன்னா நாங்க லாரி ரோட்லதான் போவணும்."

அவர் முத்தமிழைப் பார்த்தார். பிறகு போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

கொல்லைப் பக்கம், பாதை தொடங்குகிற இடத்தில் லீலாவதி மாப்பிள்ளை மேல் ஏறினார். குதிகாலால் மெல்லத் தட்டினார். மாப்பிள்ளை காதை ஆட்டியது. நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார். வாலை ஆட்டியது. பிச்சைமுத்து கயிற்றைப் பிடித்து இழுத்ததும் நாலு எட்டு வைத்தது. அப்படியே ஒரு வட்டம் அடித்து, கொட்டகையைப் பார்த்து நின்றுகொண்டது.

அறிவழகன் கருவியைப் பார்த்தான். "என்னங்க இது, கோழி கிளறுன மாதிரி இருக்கு கோடு!"

அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் கோழி கிளறியது. அறிவழகன் ஒரு விளாரை ஒடித்தான்.

"அண்ணே, அதக் கீழ போடுங்க" என்றாள் அபிநயா. "அதுக்கு ஏதோ புரியல. அடிச்சா மட்டும் புரிஞ்சிருமா?"

அவன் விளாரைப் போட்டுவிட்டான். "சரி டாக்டர், நான் கருவியக் கையில எடுத்துக்கிட்டு நடந்துட்டு வரேன். குதிரை போச்சுன்னு எழுதிக்குவோம்."

"எழுத மாட்டேன்" என்றார் லீலாவதி. "நாளைக்குக் காவலரு குதிரையோட வந்து பாதி வழில மாட்டிக்கிட்டா? போகாத குதிரையப் போச்சுன்னு நான் எழுதறதில்ல தம்பி."

அபிநயாவுக்கு அழுகை வந்தது. ஆனால் இந்த அம்மாவை நம்பலாம் என்றும் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையையே பார்த்தாள். அது சோம்பேறிக் குதிரை இல்லை. போன வாரம் வாலிகண்டபுரம் கல்யாணத்தில் இரண்டு தெரு சுற்றி வந்ததே! அங்கே என்ன இருந்தது? இங்கே என்ன இல்லை?

"அப்பா, மேளம் இல்லாம இது என்னைக்காச்சும் நடந்திருக்கா?"

பிச்சைமுத்து தலையைச் சொறிந்தார். "வண்டிய விட்டு எறங்கும்போதே மேளம் ஆரம்பிச்சிரும். ஏத்துற வரைக்கும் அடிப்பாங்க. அட! ஏழு வருசமா நான்தான் இத ஓட்டுறேன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன். மேளக்காரன்ல ஓட்டியிருக்கான்!"

அபிநயா வீட்டுக்குள் ஓடினாள். எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்தாள். மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று டங் டங்கென்று தட்டினாள்.

மாப்பிள்ளை விறுவிறுவென்று மூன்று எட்டு வந்தது. தட்டைப் பார்த்தது. டக்கென்று நின்று, தலையைக் குனிந்துகொண்டது.

"அக்கா, அது ஆரத்திக்கு நிக்குது!" என்று முத்தமிழ் கத்தினான்.

உண்மைதான். தட்டோடு யாராவது எதிரே வந்தால் ஆரத்தி சுற்றுவார்கள், அப்புறம் ஒரு வெல்லக்கட்டி கிடைக்கும் என்பது மாப்பிள்ளையின் அனுபவம். வெல்லம் வராமல் அது நகரவே இல்லை. ஒரு கட்டி கொண்டுவந்து கொடுத்துத் தட்டை ஒளித்து வைக்கவேண்டியிருந்தது.

இந்தத் தடவை அபிநயா பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி வந்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்வலத்தில் அடிப்பார்களே, அந்த நிதானமான அடியை அடித்தாள். டும்... டும்... டுமுக்கு டும்.

மாப்பிள்ளை கழுத்தை நிமிர்த்தியது. முன்னங்காலைத் தூக்கி அழகாக வைத்தது. நடந்தது!

முன்னால் குடத்தோடு அபிநயா. பக்கத்தில் முத்தமிழ். பின்னால் குதிரை மேல் பல் டாக்டர். கயிற்றோடு பிச்சைமுத்து. கடைசியில் வெயிலுக்குக் குடை பிடித்த அறிவழகன். காட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காத்தாயி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏ பிச்சைமுத்து, இதென்ன காட்டுக்குள்ள கல்யாணம்? பொண்ணு எங்க?"

"நீ ஆட்டப் பாரு" என்றார் பிச்சைமுத்து.

பாதி வழியில், வேப்பமரத்தடியில், அபிநயாவின் கை சிவந்துபோனது. "கொஞ்ச நேரம் நீ அடிடா. மெதுவா அடிக்கணும்" என்று குடத்தைத் தம்பியிடம் கொடுத்தாள்.

முத்தமிழ் பத்து அடி மெதுவாகத்தான் அடித்தான். அதற்கு மேல் அவன் கை கேட்கவில்லை. டண்டணக்கா டண்டணக்கா என்று ஒரு குத்து விட்டான்.

அவ்வளவுதான். மாப்பிள்ளை ஆட ஆரம்பித்துவிட்டது. முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தூக்கி வைத்து, வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. லீலாவதி பிடரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துடா!" என்று பிச்சைமுத்து போட்ட சத்தத்தில் முத்தமிழ் குடத்தைக் கீழே போட்டான். மேளம் நின்றது. ஆட்டமும் நின்றது. மாப்பிள்ளை மெல்லத் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தது. ஊர்வலம் முடிந்தது என்று நினைத்துவிட்டது போல.

"திரும்பிருச்சுன்னா எல்லாம் போச்சு. பொழுதும் இல்ல" என்றான் அறிவழகன் மெதுவாக.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அபிநயா குனிந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பக்கம் இருபது எட்டு தள்ளிப் போய் நின்றாள். அங்கிருந்து அடித்தாள். டும்... டும்... டுமுக்கு டும்.

மாப்பிள்ளையின் ஒரு காது திரும்பியது. அப்புறம் இன்னொரு காது. அப்புறம் முழுக் குதிரையும் திரும்பியது.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. பள்ளிக்கூட மதில் வந்ததும்தான் அபிநயா குடத்தை இறக்கினாள். கருவியை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வீட்டுக் கொல்லையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரே கோடு. நடுவில் மட்டும் உருண்டையாக ஒரு முடிச்சு.

"முடிச்ச அழிச்சிரலாமா டாக்டர்?" என்றான் அறிவழகன்.

"ஏன் அழிக்கணும்? அங்க அது ஆடுச்சுல்ல?" என்றாள் அபிநயா.

லீலாவதி சிரித்துக்கொண்டே பட்டியலில் பன்னிரண்டாவது பாதையை எழுதினார்.

மூன்று மாதத்தில் வேலி வந்தது. கல்லாங்காட்டுக்கும் ஒரு கேட் வந்தது. ஒரு நாள் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, ஆபீசிலிருந்து வந்த ஒருவர் வேப்பமரத்தடியில் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, இங்க ஒரு குட்டை இருக்கணுமே. வட்டமா போட்டு, ஆபீஸ்ல குட்டைன்னு எழுதியிருக்காங்க. எங்க அது?"

"குட்டை இல்ல சார்" என்றான் முத்தமிழ். "மாப்பிள்ளை ஆடுன இடம். நான்தான் மேளம்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அபிநயா நடந்ததை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னாள். அவர் பேனாவை எடுத்தார். 'குட்டை' என்று இருந்ததை அடித்தார். பக்கத்தில் 'மாப்பிள்ளை ஆடிய இடம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டார்.