ஏழாம் ஷெட்டின் பக்கம்

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பண்ணை வேனுக்காக நின்றபோதே பிரவீனாவுக்கு வாடை தெரிந்தது. எடப்பாடியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள் அவள். கோழி எருவின் காரம் மூக்குக்குப் புதிது. ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று வேன் டிரைவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். எருவின் நாற்றம் மூன்றே நாளில் பழகிவிட்டது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. தித்திப்பாக, கொழகொழவென்று, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. அதுதான் பழகவே இல்லை.

முட்டைக்கோழிப் பண்ணை அது. மொத்தம் ஏழு ஷெட். பண்ணையின் வேலை முழுவதும் ஃபோனில் இருந்த ஒரு நோட்ஸ் செயலியில் நடந்தது. ஒவ்வொரு ஷெட்டுக்கும் அதில் ஒரு பக்கம். எத்தனை முட்டை, எத்தனை மூட்டைத் தீவனம், எத்தனை கோழி செத்தது என்று அந்தந்த ஷெட்டுக்காரர்கள் எழுதுவார்கள். நாமக்கல்லில் இருக்கும் கால்நடை டாக்டரும் கோயமுத்தூரில் இருக்கும் முதலாளியும் அங்கிருந்தபடியே படித்துக்கொள்வார்கள். எழுதியவரின் பெயரும் நேரமும் வரிக்குப் பக்கத்திலேயே விழும். அந்த நேரத்தில் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவரின் முதல் எழுத்து மேலே ஒரு வண்ண வட்டத்துக்குள் தெரியும். இதையெல்லாம் சரிபார்த்து ஒழுங்குபடுத்துவதுதான் பிரவீனாவின் வேலை.

"முன்னால இருந்தவன் இளவழகன்" என்றார் மேனேஜர் நவநீதகிருஷ்ணன். "மே மாசம் சொல்லாம கொள்ளாம போயிட்டான். கேரளாவுல எவளோடயோ இருக்கறான்னு பேச்சு. ஏழாம் ஷெட்டை நீங்க பாக்க வேண்டாமுங்க. சீக்கு வந்து அத்தனையும் போயிருச்சு. இப்பக் காலிக் கூண்டுதான்."

வந்த நாலாம் நாள் மத்தியானம். ஆட்கள் எல்லாம் சாப்பிடப் போய்விட்டார்கள். வெளியே வெயில் தகரக் கூரைகளின்மேல் வெள்ளையாகக் கொதித்தது. பிரவீனா தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலைக் கணக்கைப் பார்க்க ஃபோனை எடுத்தாள்.

பட்டியலில் ஏழாம் ஷெட்டின் பக்கம் முதலாவதாக வந்து நின்றது. சற்றுமுன் யாரோ அதில் எழுதியிருக்க வேண்டும்.

திறந்தாள். மேலே பச்சை வட்டம். உள்ளே 'இ'.

"கோளி 212. இன்னும் போடுறாங்க."

எழுதியவர் இளவழகன். நேரம் ஒன்று பத்து.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்துதான்.

நவநீதகிருஷ்ணன் சாப்பிட்டுவிட்டு வந்ததும் காட்டினாள். பல் குத்திக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. உதட்டோரத்தில் வியர்வை கோத்தது. "அவனோட பழைய ஃபோன் எவங்கிட்டயோ சிக்கியிருக்கும். பேரை எடுத்து உட்ருங்க" என்று சொல்லிவிட்டு, திரையை இன்னொரு முறை பார்க்காமல் வெளியே போனார்.

அவள் அந்தப் பெயரை நீக்கினாள். மறுநாள் ஒன்று பத்துக்குப் பச்சை வட்டம் திரும்ப வந்தது.

"சுண்ணாம்பு போடுறாங்க. கண்ணு எரியுது."

அதற்கடுத்த நாள் வந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் வாயில் சோறு இருந்தது.

"வாயைத் தொறக்க முடியலை. தொறந்தா உள்ள வருது."

எழுந்து ஓடிப்போய் வாசலில் துப்பினாள். திரும்பி வந்து ஃபோனை எடுத்தால் கையில் வழுக்கியது. கண்ணாடியின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. கோழித் தோலுக்கடியில் இருக்கும் மஞ்சள் கொழுப்பைத் தொட்டதுபோல இருந்தது. சேலையில் துடைத்தாள். துடைத்த இடம் நாறியது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். அன்று இரவு தங்கியிருந்த அறையில் வீட்டுக்காரம்மா முட்டைக் குழம்பு கொண்டுவந்து வைத்தபோது, கிண்ணத்தைத் திறந்தும் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

யாரோ வேண்டுமென்றே விளையாடுகிறார்கள் என்றுதான் சனிக்கிழமை வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ரஞ்சிதா வந்தாள்.

ரஞ்சிதா இளவழகனின் மனைவி. ராசிபுரம் பக்கம் முட்டை ட்ரே செய்கிற கம்பெனியில் வேலை. வாரம் ஒருமுறை பண்ணை வாசலுக்கு வந்து புருஷனைப் பற்றிக் கேட்பாள், வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு வாட்ச்மேன் இல்லாததால் நேராக ஆபீசுக்குள் வந்துவிட்டாள்.

"எவளோ ஒருத்தியக் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு ஊரே பேசுதுங்க. எங்கண்ணன் ஊட்டுக்குக்கூடத் தலைகாட்ட முடியலை" என்றாள். அழவில்லை. அழுது முடித்த குரலாக இருந்தது. "கேரளாவுல இருந்தாலும் பரவால்லைங்க. இருக்கறாருன்னு தெரிஞ்சாப் போதும்."

 பிரவீனா ஃபோனை அவளிடம் நீட்டினாள்.

ரஞ்சிதா ஒவ்வொரு வரியாக உதடசைத்துப் படித்தாள். முதல் வரிக்கே திரும்பப் போனாள். விரல் ஒரு சொல்லின்மேல் நின்றது.

"கோளி" என்றாள். "கல்யாணமான நாள்ல இருந்து சொல்றேனுங்க, ழ போடுங்கன்னு. கோழிப் பண்ணையில வேலை பாத்துக்கிட்டு கோழின்னு எழுதத் தெரியலைன்னா சிரிக்க மாட்டாங்களான்னு கேப்பேன். அவரு மாத்தவே இல்லை." ஃபோனை மேசைமேல் மெல்ல வைத்தாள். "இது வேற யாரும் எழுதுனதில்லைங்க. எங்க இருந்து எழுதறாரு?"



பதில் மறுநாள் ஒன்று பத்துக்கு வந்தது. எழுத்தாக அல்ல, ஒரு படமாக வந்தது. முழுக்கக் கறுப்பு. மேலே, வெகு உயரத்தில், சாம்பல் நிறத்தில் வட்டமான வெளிச்சம். அந்த வட்டத்தின் விளிம்பில் இரண்டு பேர் குனிந்து ஒரு கூடையைக் கவிழ்க்கிறார்கள். ஒருவர் நவநீதகிருஷ்ணன். இன்னொரு தலையில் பச்சைத் துண்டு முண்டாசு. ஷெட்டில் வேலை செய்யும் பெண்களில் பச்சைத் துண்டு கட்டுகிறவள் பாப்பாயி ஒருத்திதான்.

பாப்பாயி மூன்றாம் ஷெட்டின் பின்பக்கம் உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் மெல்லுவது நின்றது. 

"ஏனுங்க அம்முணி, இதை யாரு புடிச்சாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேனுங்க பாப்பாயக்கா."

அவள் புகையிலையைத் துப்பிவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

மே மாதம் ஏழாம் ஷெட்டில் சீக்கு விழுந்தது. முதல் நாள் இருநூறு, மறுநாள் இரண்டாயிரம். செத்ததைக் குறைத்து எழுதச் சொன்னார் மேனேஜர். இளவழகன் மாட்டேன் என்றான். அவன் நோட்ஸில் உள்ளதை எழுத, இவர் அழிக்க, அவன் திரும்ப எழுத, இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டருக்கு அனுப்பப் படம் எடுக்க, வேலியோரம் செத்த கோழி கொட்டுகிற பாழுங்கிணற்றுக்குப் போனான். மேனேஜரும் பின்னாலேயே போனார்.

"பொறவு மேனேஜர் மட்டும் ஓடியாந்தாருங்க. சீக்கிரம் கொட்டோணும், ஆபீசருங்க வாராங்கன்னாரு. அவரும் கூடவே நின்னு கொட்டுனாரு. நாங்க கூடை கூடையாக் கொட்டுனோம். உள்ளார சத்தம் கேட்டுச்சு. கோழி உசுரோட கெடக்குது, நீ கொட்டுன்னாரு. நானும் கோழிதான்னு கொட்டுனேன்."

அவள் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"கோழி பேரு சொல்லிக் கூப்புடுமுங்களா, அம்முணி? பாப்பாயக்கா, பாப்பாயக்கான்னு கூப்புட்டுச்சு. பொழுதோட நின்னு போச்சு."

பிரவீனா எழுந்து நடந்தாள். ஏன் அப்போதே போலீசுக்குப் போகாமல் கிணற்றுக்குப் போனாள் என்று பின்னால் இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்கு அப்போது தோன்றியது.

ஏழாம் ஷெட்டைத் தாண்டினால் சீமைக்கருவேலம். அதற்கப்பால் கிணறு. வாயை இரும்புத் தகடு போட்டு மூடி, மேலே மூன்று ஹாலோ பிளாக் கல் வைத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு முழுக்க ஈ. கறுப்புக் கயிறு சுற்றி வைத்ததுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தன. அந்தத் தித்திப்பு வாடை இங்கே கெட்டியாக, நாக்கில் ருசியாகவே தெரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். முந்தானையும் அதே வாடை அடித்தது.

கையில் ஃபோன் அதிர்ந்தது.

மணி இரண்டாகப் போகிறது. பச்சை வட்டம் வந்திருந்தது.

எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"மேல நிக்கறது யாரு"



"பாப்பாயக்காவா"

காலடியில், தகட்டின் உட்புறத்தில், ஏதோ ஈரமாக உரசியது. ஈக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. முகத்தில், உதட்டில், காதுக்குள். வாயை இறுக மூடிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு ஓடினாள். ரோட்டுக்கு வந்தபின்தான் வாயைத் திறந்தாள். 

நேராக ரஞ்சிதாவிடம் போய்ச் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். பாப்பாயியும் தானாகவே வந்து சேர்ந்தாள். மறுநாள் தாசில்தார் முன்னிலையில் கிணற்றைத் திறந்தார்கள்.

மேலே பார்த்தால் தரைபோல இருந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு பூத்த, இறகு ஒட்டிய தரை. கொக்கியை விட்டுக் கிளறியதும் அந்தத் தரை கஞ்சியின் ஆடை மாதிரி மடிந்து கிழிந்தது. அடியிலிருந்து சாம்பல் நிறக் குழம்பு பொங்கியது. அதில் வெந்த சோறு மாதிரிப் புழுக்கள் கொத்துக் கொத்தாக மிதந்தன. தீயணைப்புப் படை ஆள் ஒருவர் முகமூடியைக் கழற்றிவிட்டு வேலியோரம் போய்க் குனிந்து நின்றார். இளவழகனை மேலே கொண்டுவர மூன்று மணி நேரம் ஆயிற்று. உடம்பு சோப்புக்கட்டி மாதிரி வெளுத்து இறுகியிருந்தது. வாய் நிறைய இறகு. வலது கை விரல்கள் ஃபோனைச் சுற்றி இறுகியிருந்தன. பிரித்து எடுத்தபோது அது உப்பி வெடித்திருந்தது. மே மாதமே செத்துப்போன ஃபோன் என்றார் இன்ஸ்பெக்டர். பிரவீனா காட்டிய பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். அறிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ரஞ்சிதா கிட்டே போய்ப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. "ஊட்டுக்குப் போலாம் வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நவநீதகிருஷ்ணனை அன்று மாலையே பிடித்துவிட்டார்கள். தள்ளவில்லை, வாக்குவாதத்தில் கால் தவறி விழுந்தான் என்றார். பின் ஏன் மேலே கொட்டினாய் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

உயிருள்ள கோழிகளுக்குத் தீவனம் போட்டாக வேண்டுமே, வேறு ஆள் கிடைக்கும் வரை இருங்கள் என்று முதலாளி கேட்டதால் பிரவீனா தங்கினாள். கிணற்றில் எட்டு டிப்பர் லாரி மண் கொட்டி மூடினார்கள். ஏழாம் ஷெட்டின் பக்கத்தை அவளே நீக்கினாள். ஒன்று பத்து வந்தது, போனது. ஒரு வாரம் அப்படியே கழிந்தது. ஈயும் குறைந்தது. காற்றில் வெறும் எருவின் வாடைதான். அதை மூக்கு நிறைய இழுக்கக்கூட அவளுக்குப் பிடித்திருந்தது. எட்டாம் நாள் அவள் பாப்பாயிக்கும் சேர்த்து டீ வாங்கி வரச் சொன்னாள்.

"நேத்து ரஞ்சிதாவைப் பாத்தேனுங்க" என்றாள் பாப்பாயி. "கால்ல உழுந்தேன். தூக்கி உட்டுச்சு. ஒண்ணும் பேசலை."

பிரவீனா தலையாட்டினாள். மேசைமேல் இருந்த ஃபோன் அதிர்ந்தது.

பட்டியலின் உச்சியில் ஏழாம் ஷெட்டின் பக்கம்.

அவள் தொடவில்லை. பக்கம் தானாகவே திறந்துகொண்டது. வெறும் வெள்ளை. மேலே ஒரு வட்டம். பச்சை இல்லை, மண் நிறம். உள்ளே எழுத்து எதுவும் இல்லை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடமும் காலி. வரி மட்டும் மெதுவாக விழுந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர் எழுதுவதுபோல, ஒவ்வொரு எழுத்தாக.

"அவன மட்டும் எடுத்துட்டுப் போயிட்டீங்க"

பாப்பாயி எட்டிப் பார்த்தாள். "அது பண்ணைக்கு முன்னாடி இருந்தே கெடக்கற கெணறுங்க, அம்முணி. அதுல யாரு யாரு உழுந்தாங்களோ" என்றாள், மிக மெதுவாக.

முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் வந்தது. பிறகு இன்னொன்று. ஃபோனின் கண்ணாடி வியர்க்கத் தொடங்கியது. வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முதல் வரிசை நிறைந்து, அடுத்த வரிசைக்கு இறங்கின.