கேள்வி கேட்டவளே விடையும் சொன்னாள்

சனிக்கிழமை காலையில் எந்த ஆசிரியைக்குத்தான் பயிற்சிச் செயலமர்வுக்குப் போக மனம் வரும்? கொட்டாஞ்சேனையிலிருந்து கொட்டும் மழையில் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த றேணுகாவின் முகம் உம்மென்றே இருந்தது. ஒன்பது வருசம் கணிதம் படிப்பித்தவளுக்கு இனி யார் வந்து என்ன சொல்லிக் கொடுப்பதாம்?

போதாக்குறைக்கு, அவள் இருந்த கதிரைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. எழும்பி அடுத்த வரிசைக்குப் போனாள். அங்கே இருந்தவன் கிருஷ்ணராஜ்... ஊர் ஹட்டன், பாமன்கடைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் எடுப்பவன். மழையில் நனைந்த தலை, உதடு சிரிக்கும் முன்பே சிரித்துவிடும் கண்கள். ஐயோ... அந்தக் கண்களை அவள் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

செயலமர்வை நடத்த வந்த றோஸி மிஸ் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்களைச் சோடி சேர்த்துவிட்டார். ஒருவர் பாடம் எடுக்க வேண்டும். மற்றவர் பார்த்துவிட்டு, கண்டதை அப்படியே சொல்ல வேண்டும்.

றேணுகா பின்னம் எடுத்தாள். வந்திருந்த ஆசிரியர்கள்தான் மாணவர்கள். வெளுத்து வாங்கிவிட்ட திருப்தியோடு வந்து இருந்தாள்.

"எப்பிடி சேர்?"

"நல்லா இருந்திச்சு டீச்சர். ஆனா... நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்களே விடை சொல்லிட்டீங்க. ஒருத்தரையும் வாய் திறக்க விடல."

சுருக்கென்றது அவளுக்கு. "சிலபஸ் முடிக்க வேணாமோ? பிள்ளையள் யோசிச்சு முடியுமட்டும் நீங்க பாத்துக்கொண்டு இருப்பீங்களோ?"

"கொஞ்சம் பாத்துக்கிட்டுதான் இருக்கணுமாம். றோஸி மிஸ் சொன்னாங்களே..."

"ஓம் ஓம், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

மத்தியானம் அவன் சோற்றுப் பார்சலோடு பக்கத்தில் வர, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோசக்காரி. போன் நம்பர் கேட்டான், அதையும் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டாள். "அரைவாசி பெரிசோ, மூண்டில ஒண்டு பெரிசோ?" விடை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பாழாய்ப்போனவன் ஞாபகத்துக்கு வந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்... வகுப்பே அவளைப் பார்த்து முழித்தது. கடைசியில், இந்தத் தவணை முழுக்க வாயே திறக்காத நிஷாந்தினி மெல்ல எழும்பினாள்.

"மூண்டில ஒண்டு, மிஸ்."

"ஏனம்மா?"

"ரெண்டை விட மூண்டு பெரிசுதானே."

றேணுகாவுக்குத் திக்கென்றது. இத்தனை வருசமும் எத்தனை பிள்ளைகள் இப்படியே நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போயிருக்கும்? ஒரு நாளாவது கேட்டிருப்பாளா? அழுகையும் வந்தது, சந்தோசமும் வந்தது. இதை உடனே ஒருவனிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒரே ஒருவனிடம்.

அடுத்த சனிக்கிழமை செயலமர்வின் கடைசி நாள். இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் அவன் தன் வழியே போய்விடுவான்... தெரிந்தும் பின்னேரம் வரைக்கும் அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. அவன் குடையை விரித்துக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் மழையில் ஓடினாள்.

"சேர்... கொஞ்சம் நில்லுங்கோ. நீங்க சொன்னது சரி." நிஷாந்தினியின் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "எனக்குச் சரியான ரோசம். அதுதான் கதைக்கேல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவன் குடையை அவள் தலைக்குமேல் நகர்த்தினான். "உண்மையைச் சொல்லவா டீச்சர்? என் வகுப்புலயும் கேள்வியும் நான்தான், விடையும் நான்தான். உங்களப் பாத்த பிறகுதான் எனக்கே புரிஞ்சிச்சு."

"அப்ப எனக்கு மட்டும் பெரிய வாத்தியார் மாதிரிச் சொன்னீங்க?"

"அந்த ஒண்ணுதான் கவனிச்சேன். மத்த நேரமெல்லாம் உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மழைக்குள் நின்றும் அவள் கன்னம் சுட்டது. "இனிச் செயலமர்வும் இல்ல..." என்றாள்.

"அதான் காலையிலேருந்து மனசே சரியில்ல. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு, றேணுகா."

முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அவள் காலி வீதியில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருவன். நீங்களும் வாங்கோ. ஆனா அம்மாவும் கூட வருவா."

அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் தள்ளியே நிக்கிறேன்."

"ஏன் தள்ளி நிக்கிறீங்க? அம்மாவுக்குக் காட்டத்தானே உங்களை வரச் சொல்றன்."