இரண்டு கிரீடப் பெட்டிகள்

ரோமாபுரித் தூதர் எதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என் தலையில் இருந்தது பார்த்தியர் கொடுத்த கிரீடம் என்று! முத்து தைத்த, முழ உயரக் கிரீடம். மறைக்கவா முடியும்?

தைசான் ஆற்றங்கரையில் என் ராஜ்ஜியம் சின்னது. மேற்கே ரோமர், கிழக்கே பார்த்தியர். யார் வந்தாலும் அவர்கள் கொடுத்த கிரீடத்தை அணிந்துகொண்டு சிரிக்க வேண்டும். என் ராஜதந்திரம் மொத்தமும் அவ்வளவுதான். இருபது வருஷமாகச் சரியான பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தவள் ராணி கய்யு. ஆற்றங்கரைக் கிறிஸ்தவர்களின் ஜெபத்துக்கு அவள் போகிறாள் என்று பதினோரு நாளுக்கு முன் தெரிந்தது. "இனிமே என் கிரீடத்தைத் தொடாதே!" என்று கத்தினேன். பாவி, இன்று நானே எடுத்தேன்.

தூதர் முகம் இறுகியது. "மனசு எந்தப் பக்கம்னு உங்க தலையே சொல்லுதே, அரசே... இளவரசரை என்னோட அனுப்பிடுங்க. ரோம்ல பணயமா இருக்கட்டும்."

மகனுக்கு ஒன்பது வயது. தூணோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து கய்யு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"தப்பு என்னோடதுங்க. தினம் எடுத்துக் கொடுக்கறவ நான். பதினோரு நாளா சண்டை... கொடுக்கல. இவருக்குத் தானா ஒரு பெட்டி திறக்கத் தெரியாது!"

"என்ன சண்டை?"

கிறிஸ்தவர்கள் என்றாலே ரோமருக்கு ஆகாது. இவள் பொய் சொல்ல மாட்டாளே!

"புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு உங்க வீட்டுல காரணம் சொல்லுவாங்களா?"

தூதர் வாய்விட்டுச் சிரித்தார். "என் வீட்டுல எனக்கே சொல்றதில்லம்மா!"

பணயப் பேச்சு அதோடு கரைந்தது. மனிதர் மாதுளைச் சாறு இரண்டு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கிரீடத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். அழுகை முட்டியது. ராஜா அழுதாலும் மூக்கு ஒழுகத்தான் செய்கிறது.

"என்னை மன்னிச்சிடு, கய்யு..."

"ஐயோ, என்னங்க இது... பிள்ளை பாக்கறான்!" என்று முக்காட்டு நுனியால் என் முகத்தைத் துடைத்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

என் சபையில் யாரைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் பேசுவார்கள். நான் பழக்கியது அப்படி. பயந்துகொண்டே இவளிடம் கேட்டேன்: "உண்மையைச் சொல்லு. நீ அந்த ஜெபக்காரங்க பக்கமா, என் பக்கமா?"

"ஜெபத்த விட மாட்டேன். உங்களையும் விட மாட்டேன்" என்றாள் கய்யு. "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் எந்தக் கிரீடம்னு முந்தின நாளே கேட்டு வச்சுக்குங்க."