இறகு உதிர்காலம்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பொழுது விடிந்ததைச் சொல்வது சூரியன் அல்ல, ஒரு பறவை. கண்ணாடிக் கூரையின்கீழ் வளர்த்த சிறு காட்டில் சோலைப்பாடி வாய் திறந்ததும், அதன் பாட்டு எல்லோருடைய காதிலும் பதித்திருந்த செவிமணியில் ஒலிக்கும். ஊர் எழுந்து வேலைக்குப் போகும். பதிவு செய்த பாட்டு உதவவில்லை. தூக்கத்திலேயே அதை அணைத்துவிட மக்கள் பழகியிருந்தார்கள். உயிருள்ள பறவையோ நேற்றுப் பாடியதுபோல் இன்று பாடாது.

ஒருநாள் அது பாடவே இல்லை. ஊரே வேலைக்குத் தாமதமாயிற்று. பழுதான எதையும் உலையில் போடுவது அங்கே சட்டம்.

காட்டைக் காக்கும் ஞானப்பூ, உதிர்ந்து கிடந்த வால் இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு, வலிக்கும் முழங்காலோடு மேலாளியின் முன் போய் நின்றாள். குடியிருப்பை நடத்தும் இயந்திரத்துக்கு மேலாளி என்று பெயர்.

“பழுதில்லீங்க. பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கிற காலம். உடம்புல இருக்கிற பலமெல்லாம் அதுக்கே போயிடும். புதருக்குள்ள ஒதுங்கி சும்மா இருக்கும். ஆண்டவர் அப்படித்தான் படைச்சிருக்கார். விட்டுடுங்க.”

மேலாளி ஆராய்ந்து, உண்மைதான் என்று கண்டது. உடனே பறவைக்கு ஓய்வு அளித்தது. இரண்டு பங்கு புழுவும் மங்கிய வெளிச்சமும் ஒதுக்கியது. அது மறுபடி பாடும்வரை வீடுவீடாகக் கதவைத் தட்டி எழுப்பும் வேலை ஞானப்பூவுக்கு.

அவள் தயங்கினாள். குடியேறிய நாள் முதல் ஓய்வே எடுத்ததில்லை என்று சொல்லி, தனக்கும் சில நாள் கேட்டாள்.

“உங்களுக்கு இறகு உதிர்கிறதா?” என்றது மேலாளி. கேலி செய்ய அதற்குத் தெரியாது.

வாசலில் நின்ற காவலாளி தணிகாசலம் இதைக் கேட்டுவிட்டார். மாலைக்குள் ஊரெல்லாம் பரவிற்று. மறுநாள் மேலாளியின் வாசலில் நீண்ட வரிசை. ஒவ்வொருவர் கையிலும் சீப்பில் சிக்கிய முடி. முதல் ஆளாகத் தணிகாசலமே நின்றார்.

“உமக்கு எங்கேய்யா முடி?” என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

“எனக்கு எப்பவோ உதிர்ந்தாச்சு. பழைய லீவையும் சேர்த்துக் கேக்கணும்.”

மேலாளி எல்லா முடியையும் பொறுமையாகப் பரிசோதித்தது. ஓயாத வேலைதான் காரணம் என்று சரியாகவே கண்டுபிடித்தது. மாலையில் உத்தரவு வந்தது: முடி உதிராமலிருக்க ஆளுக்கொரு புட்டி எண்ணெய். தேய்த்துக்கொள்ள நேரம் வேண்டுமென்பதால், இனி எல்லோரும் சற்று முன்னதாகவே எழ வேண்டும்.

அடுத்த நாள் விடியுமுன், பறவை ஒதுங்கியிருந்த புதரருகே ஞானப்பூ தண்ணீர் வைத்தாள். பிறகு எண்ணெய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். முதல் கதவை மெல்லத் தட்டினாள். உள்ளே யாரும் அசையவில்லை. மறுபடி தட்டுவதற்கு முன், தூங்குகிறவர்களுக்காக ஒரு ஜெபத்தை, முடிந்த அளவு மெதுவாக, சொல்லத் தொடங்கினாள்.