முன்னால் போகும் மஞ்சள் கோட்டு

மாடுகள் தாண்டாமலிருக்கப் பாதையின் குறுக்கே பதித்திருந்த இரும்புக் குழாய்களின்மேல் இரண்டு சைக்கிள் போனால் இரண்டு தடவை தடதடக்க வேண்டும். யான்டினுக்கு ஒரு தடவைதான் கேட்டது. அது அவளுடைய சைக்கிள்.

காற்றில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். ட்ரென்டே மாகாணத்தின் அந்தப் புதர்வெளிக் காப்பகத்தில் அக்டோபர் மாத எதிர்க்காற்றைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஊதாப் பூ உதிர்ந்து பழுப்பேறிய புதர்களும், புதைந்த உடலைக்கூட அழுகவிடாமல் தோல்போலப் பதப்படுத்திவிடும், தேநீர் நிறத்தில் தேங்கிக் கிடக்கும் சதுப்பு நீரும், அவற்றின்மேல் மூன்று மணிக்கே இறங்கிவிட்ட பனிமூட்டமும்தான். அதனால் அங்கே எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கி, தலையைக் குனிந்து, அவனுடைய பின்சக்கரத்தை மட்டும் பார்த்து மிதித்தாள். வழி பார்ப்பது முன்னால் போகிறவன் வேலை. சந்திப்புகளில் நட்டிருக்கும் எண் கம்பங்களை அவன்தான் படிப்பான். 62, 17, 40 என்று அன்று தாண்டவேண்டிய கம்பங்களைக் கணவன் ரூலோஃப் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தன் கைப்பிடியில் ஒட்டிவைத்திருந்தான். அவளுக்கும் ஒரு சீட்டு எழுதித் தரலாம் என்று முப்பத்தொரு வருஷத்தில் அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

காலையில் காபிக் கடையிலேயே சண்டை வந்துவிட்டது.

"நீ ஒரு தடவையாவது திரும்பிப் பாக்குறியா? நான் பின்னாடி வர்றேனா, பள்ளத்துல விழுந்து கிடக்கேனான்னு?"

ரூலோஃப் ஆப்பிள் கேக்கை முள்கரண்டியால் வெட்டினான். "உனக்குத்தான் பேட்டரி வண்டி இருக்கே. நான் கிழவன் மாதிரி கால் வலிக்க மிதிக்கிறேன். எனக்கு யாரு திரும்பிப் பாக்குறது?"

"முன்னாடி போறவன்தான் பாக்கணும், ரூலோஃப்."

"அதுக்குத்தானே ரெண்டு பேருக்கும் ஒரே கோட்டு வாங்கினேன். தொலைஞ்சாலும் தூரத்துலேர்ந்து தெரியும்."

ஆஸ்ஸன் நகரக் கடையில் தள்ளுபடியில் எடுத்த மஞ்சள் மழைக்கோட்டுகள். ஒரே அளவு வேறு. அவளுக்கு அது முழங்கால்வரை தொங்கியது. கடைக்காரப் பெண் சிரித்ததை அவன் கவனிக்கவில்லை.

அப்போதே யான்டின் மனதுக்குள் முடிவுகட்டிவிட்டாள். பதினேழாம் கம்பம் வருவதற்குள் அவன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். பார்க்காவிட்டால் இன்று ராத்திரி தங்கை வீட்டுக்குப் போய்விடுவது. இந்தத் தடவை திரும்பி வருவதில்லை.

அறுபத்திரண்டாம் கம்பத்தருகே மூக்குக்கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டது. நின்று துடைத்தாள். நிமிர்ந்தபோது மஞ்சள் முதுகு பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. நிற்கவில்லை. வேறென்ன எதிர்பார்த்தாள்? பேட்டரி வேகத்தைக் கூட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப்பிடித்தாள்.

அதற்கப்புறம்தான் அந்த இரும்புக் குழாய்கள்.

இப்போது இன்னொன்றும் உறுத்தியது. ரூலோஃபின் சைக்கிளில் பின்பக்க மட்கார்டு போன வருஷமே உடைந்துவிட்டது. மழைநாளில் அவனுக்குப் பின்னால் போனால் சேற்றுத்தண்ணீர் முகத்தில் தெறிக்கும், அதற்கும் அவள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். இன்று பாதை முழுக்கத் தண்ணீர். அவள் முகத்தில் ஒரு துளி படவில்லை.

காற்று மட்டும் பட்டது. முகத்தில், நெஞ்சில், நேராக. அவ்வளவு அகலமான முதுகு இரண்டு கை தூரத்தில் இருக்கும்போது அது தடுக்கவேண்டிய காற்று, முன்னால் யாருமே இல்லாததுபோல வந்து அறைந்தது. காற்றோடு ஒரு வாடை. நாள்பட்ட ஈரத்தோல் வாடை.

"ரூலோஃப்! கொஞ்சம் மெதுவா!"

மஞ்சள் முதுகு அசையவில்லை.

"காது செவிடா? பதினேழு எப்போ வரும்?"

அவளுக்கு எரிச்சல் வந்தது. அழுகையும்தான்.

"ஒரு தடவை! ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்! என் மூஞ்சியப் பாத்தா உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

சக்கரங்களுக்கடியில் சத்தம் மாறியிருந்தது. தார் போய்விட்டது. மெத்தென்ற கரி மண். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று வழிநெடுக இருந்த பலகைகள் எங்கே போயின? இரண்டு பக்கமும் கறுப்பு நீர். குனிந்து பார்த்தாள். அவள் சக்கரம் மண்ணில் ஆழமாகத் தடம் பதித்து வந்திருந்தது. அவளுக்கு முன்னால் மண் வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை.

கைபேசி அடித்தது.

பிரேக்கை அழுத்தி, ஒரு காலை ஊன்றினாள். திரையில் பெயர். ரூலோஃப்.

"எங்க போயிட்ட?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "அறுபத்திரண்டுல புதருக்குப் பின்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டியே! எவ்வளவு கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்கல நீ."

முன்னால் இருந்ததும் நின்றிருந்தது. அதே இரண்டு கை தூரத்தில். அவளைப் போலவே ஒரு கால் ஊன்றி. மழைக்கோட்டு முழங்கால்வரை தொங்கியது.

ரூலோஃபுக்கு அது இடுப்புவரைதான் வரும்.

"யான்டின்? கோவமா? சரி, என் தப்புதான். இனிமே நீ முன்னாடி போ, நான் பின்னாடி வர்றேன். போதுமா?"

"ரூலோஃப்," என்றாள். "நீ எங்க இருக்க?"

"உன் பின்னாடிதான். இதோ, உன் கோட்டு தெரியுதே. அப்பா, என்ன வேகமாப் போற! கொஞ்சம் நில்லு."

அவள் தலையைத் திருப்பினாள். பின்னால் பனி. கறுப்பு நீர். அவளுடைய ஒற்றைத் தடம். வேறு யாருமில்லை.

"நான் நின்னுட்டுத்தான் இருக்கேன்," என்றாள். "ரூலோஃப், நான் நிக்கிறேன். அது நான் இல்ல. அது பின்னாடி போகாத!"

"என்ன சொல்ற? காத்துல கேக்கல. இங்க பாதை வேற மெத்துமெத்துன்னு..."

"திரும்பிப் போ! ரூலோஃப்!"

"யான்டின்! ஒரு தடவ திரும்பிப் பாரேன் இந்தப் பக்கம்!" கெஞ்சினான். இத்தனை வருஷத்தில் அவன் கெஞ்சி அவள் கேட்டதில்லை.

முன்னால் இருந்த மழைக்கோட்டின் மஞ்சள் தொப்பி மெல்ல அசைந்தது. தோள் அசையவில்லை. தொப்பி மட்டும். ஈரத்தோல் முறுக்கப்படும் சத்தம்.

"வேண்டாம்," என்றாள் அவள். "பாக்க வேண்டாம்."

"அப்பாடா," என்றது கைபேசி. ரூலோஃப் சிரித்தான். "திரும்பிட்ட."

தொப்பிக்குள்ளிருந்து தேநீர் நிறத் தண்ணீர் ஒழுகியது. ஒரு கன்னம் வந்தது. பழைய செருப்புத்தோல்போல் கறுத்து, சுருங்கி, பளபளத்து. பிறகு மூக்கு. பிறகு மூடிய இரண்டு இமைகள்.

கைபேசியில் சிரிப்பு நின்றது.

இமைகள் திறந்தன.