சத்தமில்லாத ஒரு நிமிடம்

டாக்ஸி முனையிலேயே நின்றுவிட்டது. அந்தச் சந்துக்குள் சைக்கிள் ரிக்‌ஷாவே திணறும். மைக்கையும் ரெக்கார்டரையும் தோளில் மாட்டிக்கொண்டு நானும் சுபிக்ஷாவும் நடந்தோம். காலை பதினோரு மணி. குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்கு முன் இவர்கள்தான் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்கள்.

சந்தின் கடைசியில் பச்சை ஜன்னல் வைத்த பழைய வீடு. அதன் பின்கட்டு அறையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவார்கள். அந்தப் புகை பெண்களின் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் சுபிக்ஷாவே கேமரா பிடித்து இயக்கும் ஆவணப்படம். நான் ஜம்புநாதன், ஒலிப்பதிவு. படத்தின் நாயகி நாகம்மா, அங்கே ஈயம் உருக்கும் அடுப்பில் வேலை செய்தவர். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. தமிழே காதில் விழாத அந்த ஊரில் நாங்கள் தமிழ் பேசியதைக் கேட்டதும், "நம்ம புள்ளைங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் சொன்னதையெல்லாம் செய்தார். பாவம், அதுதான் அவர் செய்த தப்பு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் அறையில் இருக்கும் எல்லாரும் ஒரு நிமிடம் அசையாமல், பேசாமல் இருக்க வேண்டும். அந்த வெற்று அமைதியைப் பதிவு செய்வோம். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டுப்போட அது வேண்டும். ஒரு ஆள் வெளியே போனாலும் அறையின் ஒலி மாறிவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நான் வேதம் போலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன், நாகம்மாவின் பேட்டி முடிந்த அன்று அடுப்பு அணையவில்லை. தெருச் சத்தம் வருகிறதென்று கதவைச் சாத்தியவன் நான். ஃபேனை நிறுத்தியவனும் நான். எங்கள் இருவருக்கும் முகமூடி இருந்தது. நாகம்மாவின் முகம் படத்தில் தெரிய வேண்டும் என்று, அவருடையதை முதலிலேயே கழற்றச் சொல்லியிருந்தோம்.

"இருமல் வருது தம்பி."

"ஒரே நிமிஷம்க்கா. அடக்கிக்கோங்க."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். முதல் தடவை வெளியே ஹாரன். அடுத்த தடவை நாய். ஒவ்வொரு முறையும் சுபிக்ஷா சிரித்த முகத்தோடு, "இன்னொரு தடவை அக்கா" என்றாள். ஏழு தடவை. கதவைத் திறந்தபோது நாகம்மாவின் உதடு நீலமாகியிருந்தது. "சரியா வந்துச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலமே அவர் உயிர் போய்விட்டது.

பிறகு கேட்டுப் பார்த்தால் ஏழிலும் அவருடைய திணறல். வெள்ளிக்கிழமைக்குள் படம் வெளிநாட்டு விழாவுக்குப் போயாக வேண்டும்.

"சுத்தமா ஒரு நிமிஷம் எடுத்துட்டு வந்துடலாம் ஜம்பு," என்றாள் சுபிக்ஷா.

"ஒரு ஆள் குறையுமே."

"யாருக்குத் தெரியப்போகுது?"

அவளை அறையலாம் போலிருந்தது. ஆனாலும் கிளம்பி வந்துவிட்டேன்.

அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. மூன்று வாரமாக யாரும் மூட்டவில்லை. அறையில் மட்டும் ஆசிட் கலந்த புகை வாடை. சுபிக்ஷா கதவைச் சாத்திவிட்டு நாகம்மா நின்ற இடத்திலேயே போய் நின்றாள். நான் ஹெட்போனை மாட்டிப் பதிவைத் தொடங்கினேன்.

என் மூச்சு கேட்டது. சுபிக்ஷாவின் மூச்சு கேட்டது.

பிறகு மூன்றாவது மூச்சு.

ஈரத் துணிக்குள் அடக்கிய மூச்சு.

முப்பதாவது விநாடியில் என் காதுக்குள் கிசுகிசுப்பு.

"முடிஞ்சுதா தம்பி? இருமிக்கலாமா?"

போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் போலீஸிடம் சொன்னேன். பொய். ரெக்கார்டரில் ஒலி அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். அது அசையவில்லை. பதிவில் அந்தக் குரல் ஏறவில்லை. இன்னும் முப்பது விநாடிதானே என்று நினைத்தேன். கையைத் தூக்கி, பொறு என்று சைகை காட்டினேன்.

மூன்றாவது மூச்சு நின்றது.

கூடவே சுபிக்ஷாவின் மூச்சும்.

அவள் கை துப்பட்டாவைச் சுருட்டியது. நிதானமாக, ஒழுங்காக, வாய்க்குள் திணித்தது. கண்கள் மட்டும் என்னிடம் கெஞ்சின. கத்தினேன். குரல் வரவில்லை. ஓடப் பார்த்தேன். கால் நகரவில்லை. பதிவு நடக்கும்போது யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. என் சட்டம்தான்.

அறுபதாவது விநாடி வந்ததும் என் அலறல் எனக்கே கேட்டது. சுபிக்ஷா கீழே கிடந்தாள். உதடு நீலம்.

படம் அவள் சாவுக்குப் பிறகு அவள் பெயரில் வெளிவந்து விருதும் வாங்கியது. அந்த நிமிடம் அதில் இருக்கிறது. அவ்வளவு சுத்தமான அமைதியை நான் அதற்கு முன் பதிவு செய்ததில்லை.

இப்போது பவானிபூரில் இருக்கும் என் வீட்டில் ஃபேனையும் டிவியையும் நான் நிறுத்துவதே இல்லை. நேற்று மத்தியானம் கரன்ட் போனது. தெருவும் எதற்கோ அடங்கியது. என் மூச்சு நின்றது.

"இருமிக்கோங்க அக்கா, முடிஞ்சுது, மன்னிச்சிடுங்க" என்று மனசுக்குள்ளேயே மன்றாடினேன். ஒரு நிமிடம் கழித்து மூச்சு திரும்பியது. என் கையில் சுருட்டிய துண்டு இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

பின்னாலிருந்து, மிகவும் பணிவாக, அந்தக் குரல் கேட்டது.

"சரியா வரலியா தம்பி? பரவாயில்ல. இன்னொரு தடவை எடுத்துக்கலாம்."